படிவத்தில் வீறாப்பு எதற்கு?

மண்டூரிலும் சூழவுள்ள படுவான்கரைக் கிராமங்களிலும் யுத்தத்தில் அவயவம் இழந்தோர், பிறவியிலேயே செவிப்புலன் அற்றோர், பாரிசவாதத்தால் படுக்கையில் கிடப்போர் எமது அயலவர்களாகவே வாழ்கின்றனர். வருமானம் குறைந்த வலது குறைந்தோருக்கான அரசின் மாதாந்தக் கொடுப்பனவு 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. பிள்ளையைத் தனியே விட்டுக் கூலிவேலைக்குப் போகமுடியாத தாய்க்கு இது பெருந்துணை. உரித்திருந்தும் இதனைப் பெறாதோர் உள்ளனர். நிதிப் பற்றாக்குறையும் அலுவலகத் தாமதமும் காரணங்களே. ஆயினும் நாமே திருத்தக்கூடிய பிழைகளும் உண்டு.

முதலாவது, குறையை மறைப்பது. அதிகாரி விசாரித்தால், "ஏதோ சமாளிக்கிறன் ஐயா" என்கிறோம். மானத்தோடு வாழ்ந்தவர் வாயில் இயல்பாக வரும் பதில்தான். ஆனால் படிவத்தில் அது 'தன் வேலையைத் தானே செய்பவர்' என்றாகிவிடும். கிணற்றில் நீர் அள்ள முடியுமா? மலசலகூடத்துக்கு யார் கூட்டிச் செல்கிறார்? உள்ளதை உள்ளபடி கூறுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

இரண்டாவது, வைத்திய அறிக்கையில் நோயின் பெயர் மட்டும் இருப்பது. 'பாரிசவாதம்' என்ற ஒரு சொல், அவரால் எழுந்து நடக்க முடியுமா, தானே உண்ண முடியுமா என்பதைச் சொல்லாது. களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குப் போகும்போது பழைய கிளினிக் கொப்பிகளைக் கொண்டு செல்லுங்கள். பராமரிப்பவரும் உடன் செல்லட்டும்.

மூன்றாவது, பெயர் வேறுபாடு. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, வங்கிப் புத்தகத்தில் வேறொன்று. விண்ணப்பிக்கும் நாள்வரை காத்திராது இப்போதே கிராம உத்தியோகத்தரிடம் காட்டித் திருத்த வழி தேடுங்கள்.

நான்காவது, "எங்களுக்கு அஸ்வெசும வருகிறதே" என்று ஒதுங்குவது. 2023இல் தொடங்கிய அஸ்வெசும உதவி குடும்பத்தை நோக்கியது; இக்கொடுப்பனவு வலது குறைந்தவரை நோக்கியது. ஒன்று கிடைப்பதால் மற்றதைக் கேளாது விடலாகாது.

ஐந்தாவது, "பிறகு பார்ப்போம்" என்ற வாய்வார்த்தையோடு வீடு திரும்புவது. படிவத்தின் பிரதியையும் ஒப்படைத்த திகதியையும் வைத்திருங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுத்தில் தகவல் கோரினால், அதனைத் தருவதா இல்லையா என்ற முடிவு 14 வேலை நாட்களுக்குள் எடுக்கப்படவேண்டும்.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. நடக்கவியலாத ஒருவரைக் கையொப்பத்துக்காகப் பலமுறை அழைப்பது நியாயமன்று. மறுப்பதாயின் காரணத்தைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டிலேயே 28ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. இக்கொடுப்பனவைக் கேட்பவர் எவரும் பிச்சை கேட்பவரல்லர்.

எழுத்தறிவு குறைந்தவருக்குப் படிவமே ஒரு மதில்தான். கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் படித்த இளைஞர், யுவதிகள் இருவரை இப்பணிக்கு ஒதுக்கலாம். எந்த வீட்டில் யார் இருக்கிறார், அவரிடம் எந்தப் பத்திரம் இல்லை என்று ஒரு கொப்பியில் எழுதட்டும். வாசலுக்கு வரமுடியாதவரின் வீட்டுக்கு நாமே போவோம். அடுத்த கூட்டத்திலேயே இதனைத் தொடங்கலாமே!