பிரிக்கப்போகும் கொட்டகையை வரைந்து வைக்கலாமா?

மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தாத்தா காலத்துக் கொட்டகை. மாடு ஒரு பக்கம், நெல் பத்தாயம் மறுபக்கம். நாட்டு ஓடு சரிந்து, மண்சுவர் பாதி கரைந்துவிட்டது. தை அறுவடை முடிந்ததும் பிரிக்கப்போகிறார்கள். போட்டோ எடுத்தாயிற்று. பத்தாவது படிக்கும் மகளோ, அதை வாட்டர் கலரில் வரைந்தே தீருவேன் என்கிறாள். பள்ளிக்கூட கலர் பெட்டி போதுமா, எப்படித் தொடங்குவது என்று கேட்கிறார்.

கலர் பெட்டி போதும். தாளில்தான் கஞ்சத்தனம் கூடாது. டிராயிங் நோட்டுத் தாள் தண்ணீர் பட்டதும் அப்பளமாக நெளியும். 300 ஜிஎஸ்எம் என்று போட்ட வாட்டர் கலர் தாள் நாலைந்து வாங்கி, பலகையில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டிக்கொள்ள வேண்டும். பிரஷ் இரண்டு போதும். ஒன்று பெரியது, ஒன்று கூர்முனை.

வாட்டர் கலரில் வெள்ளை என்பது தாள்தான். ஓட்டுச் சந்து வழியாக விழும் வெயிலுக்கு அந்த இடத்தைப் பூசாமல் விட வேண்டும். வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் கடைசியில்.

பழைய ஓடு சிவப்பு இல்லை. மழையும் பாசியும் புகையும் ஏறிய நிறம் அது. பெட்டியிலுள்ள சிவப்பை அப்படியே பூசினால் நேற்று சூளையிலிருந்து வந்த ஓடாகத் தெரியும். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்போடு அல்ட்ராமரைன் நீலத்தைக் கூட்டிக் குறைத்தால் செம்பழுப்பிலிருந்து சாம்பல்வரை எல்லாம் கிடைக்கும். உள்ளே தெரியும் இருட்டுக்கும் அதே இரண்டைக் கெட்டியாகக் கலந்தால் போதும்; கறுப்பை எடுக்கவே வேண்டாம். ஓடு ஓடாக வரைவது வீண்வேலை. கூரை முழுக்க ஒரே பூச்சு, ஈரம் காயுமுன் இங்கொன்றும் அங்கொன்றுமாக வேறு நிறத்தைத் தொட்டுப் படரவிட வேண்டும். காய்ந்தபின் இறவாரத்தில் மட்டும் சில ஓடுகளைக் காட்டினால் கண் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

மண்சுவருக்கும் பழைய மரத்துக்கும் பிரஷ்ஷிலுள்ள தண்ணீரை விரலால் பிழிந்துவிட்டு வறட்சியாகத் தேய்க்கலாம். அமெரிக்க ஓவியர் ஆண்ட்ரூ வையத் (1917–2009) இந்த முறையில் பேர்போனவர். பென்சில்வேனியாவில் தன் வீட்டுக்குப் பக்கத்துப் பண்ணை ஒன்றையே இளம்வயது முதல் முதுமைவரை வரைந்துகொண்டிருந்தார். அதன் கொட்டகைக்குள் ஊற்றுநீர் விழும் தொட்டியைக்கூட விடவில்லை. எனவே மகளும் கொட்டகை முழுவதையும் ஒரே தாளில் அடைக்க வேண்டியதில்லை. வெளித்தோற்றம் ஒன்று, கயிறு உரசித் தேய்ந்த கட்டுத்தறி ஒன்று, பத்தாயக் கதவு ஒன்று.

நேரில் உட்கார்ந்து வரைவதே நல்லது. போட்டோவில் நிழலுக்குள் இருப்பது பெரும்பாலும் கறுத்துப்போகும். காலை ஒன்பது மணிக்குள் நிழல் நீளமாக விழும். அதன் விளிம்பைப் பென்சிலால் முதலிலேயே குறித்துவிட்டு, பிறகு அது நகர்ந்தாலும் துரத்தக் கூடாது. மார்கழிப் பனியில் பூச்சு காயத் தாமதமாகும், பொறுக்க வேண்டும்.

படத்தின் பின்பக்கம் பென்சிலால் தேதி, நீள அகலம், விட்டம் என்ன மரம், கட்டிய தச்சர் யார் என்று எழுதி வைக்கலாம். அதைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் ஊரில் இருந்தால் இந்த வாரமே போய்க் கேட்பது நல்லது. ஃபிரேம் போடும்போது தாள் கண்ணாடியில் ஒட்டாதபடி நடுவே அட்டை வைக்கச் சொல்ல வேண்டும். வெயில் படும் சுவரிலும் ஓதமேறும் சுவரிலும் மாட்ட வேண்டாம்.