தூர்வாராத நிரல்

பாவூர்சத்திரத்துக்குப் பக்கத்திலுள்ள மத்தளம்பாறையில் 2011-இல் ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் வந்தது. இன்று இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் பலர் நிரல் எழுதுகிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பயன்படாத நிரலை அழிக்கத் தயங்காதீர்கள். லினக்ஸ் திரையில் மவுஸ் அம்பு ஏன் தடுமாறுகிறது என்று, திரைக் காட்சியைக் கவனிக்கும் டிஸ்பிளே சர்வர் என்ற மென்பொருளுக்குள் தேடிப்போகிறவர், எங்கிருந்தும் அழைக்கப்படாத ஒரு ஃபங்ஷனில் நாள் முழுக்கச் சிக்கிக்கொள்ளலாம். அது ஓடுவதே இல்லை. ஆனாலும் படிப்பவரைத் திசை திருப்பிவிடும். அப்படிப்பட்ட டிஸ்பிளே சர்வரைக் கொண்ட எக்ஸ் விண்டோ சிஸ்டம் 1984-இல் எம்.ஐ.டி.யில் பிறந்தது. அதன் எழுத்துரு நூலகத்தில் 1991-இல் நுழைந்த ஒரு பாதுகாப்புப் பிழை, 2014-இல்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. யாரும் திரும்பிப் பார்க்காத மூலை எத்தனை காலம் ஆபத்தை ஒளித்துவைக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. ‘என்றாவது தேவைப்படும்’ என்ற பயம் வேண்டாம். நிரலின் பழைய பதிப்புகளைச் சேமிக்கும் கிட் (Git) என்ற கருவி, அழித்த வரிகளைப் பத்திரமாக வைத்திருக்கும். வாய்க்காலைத் தூர்வாரினால்தான் கடைமடைக்குத் தண்ணீர் சேரும் என்பது நம் விவசாயிக்குத் தெரியும். நிரலுக்கும் அதே நியாயம்தான். பயன்படாததாகத் தோன்றும் நிரலை எதுவும் அழைக்கவில்லை என்று உறுதிசெய்யுங்கள், சோதனைகளை ஓட்டிப் பாருங்கள், பிறகு அழித்துவிடுங்கள். அடுத்து வருகிறவருக்கு நாம் செய்யும் மரியாதை அது.