தவளைக்கும் ஒரு கணக்கு!



அவனியாபுரம் என்றதும் உங்களுக்கு எது நினைவுக்கு வரும்? தை முதல் நாள் ஜல்லிக்கட்டுதானே! எத்தனை காளைகள் வந்தன, எத்தனை பிடிபட்டன என்ற கணக்கு மறுநாள் எல்லோர் வாயிலும் இருக்கும். அதே ஊர்க் கண்மாயில் எத்தனை வகைத் தவளைகள் உண்டு என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல ஆளைத் தேட வேண்டும்!

வறண்ட மதுரைச் சீமையில் தவளை ஏது என்று நினைக்காதீர்கள். தவளை தோல் வழியாகவும் சுவாசிக்கிறது. அந்தத் தோல் ஈரமாக இருக்க வேண்டும். ஆகவே, கோடையில் சில வகைத் தவளைகள் மண்ணைத் தோண்டி உள்ளே புதைந்து உறங்குகின்றன. மழை பெய்ததும் வெளியே வந்து குரல் கொடுக்கின்றன. கணக்கெடுக்க ஏற்ற நேரம் அதுதான். ஆராய்ச்சியாளர்கள் இரவில் டார்ச் விளக்குடன் குறித்த தூரம் நடந்து, கண்ட தவளை, பாம்பு, பல்லிகளை எழுதிக் கொள்கிறார்கள். தவளைகளில் வகைக்கு ஒரு குரல் என்பதால், காதாலும் கணக்கெடுக்கலாம்!

இதனால் என்ன பயன்? மேலூர் பக்கம் உள்ள அரிட்டாபட்டியைப் பாருங்கள். சுமார் 250 வகைப் பறவைகள், மலைப்பாம்பு, எறும்புதின்னி, தேவாங்கு எல்லாம் அங்கே வாழ்வதைப் பட்டியலிட்டு, 2022ல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. 2024ல் அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டபோது, மக்கள் எதிர்த்துப் போராடினர். அந்தப் பட்டியலும் அவர்களுக்குத் துணை நின்றது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது.

கணக்கில் இல்லாத உயிர் காணாமல் போனால் யாருக்கும் தெரியாது. தவளை போன்ற இருவாழ்விகளில், 100க்கு 41 வகைகள் அழியும் ஆபத்தில் இருப்பதாக 2023ல் வெளியான உலக ஆய்வு சொல்கிறது. கண்மாயில் குப்பை கொட்டினால், நம்மூர்த் தவளைக்கும் அதே கதிதான். தவளை குறைந்தால் பூச்சி பெருகும். எலி தின்னும் சாரைப்பாம்பை அடித்துக் கொன்றால், வயலில் நெல்லை எலி தின்னும்.

நீங்களும் தொடங்கலாம். மழை பெய்த இரவில் வாசலில் உட்கார்ந்து, ஐந்து நிமிடம் காது கொடுங்கள். தேதி, நேரம், கேட்ட குரல்கள் - இவற்றை நோட்டில் எழுதுங்கள். இருட்டில் கண்மாய்க்குப் போகாதீர்கள். பாம்பைக் கண்டால் விலகி நின்று, பெரியவர்களிடம் சொல்லுங்கள். நீங்கள் தொடவோ, அடிக்கவோ வேண்டாம்.

ஆண்டுதோறும் எழுதி வாருங்கள். எந்தக் குரல் நின்று போனது என்பதை நாளை ஊருக்குச் சொல்ல, உங்கள் நோட்டு இருக்கும். என்ன, பென்சிலைச் சீவலாமா?