ஹீட் சிங்க் விலை போகும், பிக்சர் டியூப் போகாது

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் கொஞ்ச நாளில் ஒரு கேள்வி வரும். பழையதை என்ன செய்வது? முதலில் பரணில் ஏற்றுவோம். இரண்டு மூன்று வருடம் கழித்து வெள்ளையடிக்கும்போது, "எடைக்குப் போட்டுடலாமே" என்று யாராவது சொல்வார்கள். காயலான் கடைக்காரர் வருவார், கேபினட்டைத் தட்டிப் பார்ப்பார், ஒரு விலை சொல்வார். இடம் காலியானதே போதும் என்று நாமும் கொடுத்துவிடுவோம்.

அவர் எதைக் கணக்குப் பண்ணி அந்த விலையைச் சொல்கிறார் என்று யோசித்திருக்கிறீர்களா? உங்கள் பிராசசர் என்ன வேகம், ராம் எவ்வளவு என்பதெல்லாம் அவருக்குப் பெரிய விஷயமில்லை. அவர் பார்ப்பது உலோகம். அதில் முக்கியமானது அலுமினியம். பிராசசர் மேல் ஃபேனுக்கு அடியில் சீப்பு மாதிரி உட்கார்ந்திருக்கும் ஹீட் சிங்க், அலுமினியம். எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள் நிற்கும் தகடுகளும் அதுதான். ஹார்ட் டிஸ்க்கைக் கையில் எடுத்துப் பாருங்கள், அரை கிலோ வரும். அதன் அடிப்பகுதி முழுக்க அலுமினிய வார்ப்பு. டெஸ்க்டாப் ஹார்ட் டிஸ்க் என்றால் உள்ளே சுழலும் தட்டுகளும் பெரும்பாலும் அலுமினியம்தான். எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு பழைய டெஸ்க்டாப்பில் சுமார் ஒரு கிலோ தேறும்.

ஒரு கிலோவில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அலுமினியத்தை மண்ணிலிருந்து எடுப்பது மின்சாரத்தைத் தண்ணீராகச் செலவழிக்கும் வேலை. நான்கு டன் பாக்சைட் தாதுவிலிருந்து இரண்டு டன் அலுமினா, அதிலிருந்து ஒரு டன் அலுமினியம். அந்த ஒரு டன்னுக்குச் சுமார் 14,000 யூனிட் மின்சாரம் வேண்டும். மாதம் 200 யூனிட் செலவாகும் ஒரு வீட்டுக்கு இது கிட்டத்தட்ட ஆறு வருட மின்சாரம். எங்கள் பக்கத்துக் கணக்கில் சொன்னால், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில் இருக்கிற 220 மெகாவாட் அணு உலை ஒன்று முழுத் திறனில் ஒரு மணி நேரம் ஓடினாலும் அந்த மின்சாரத்தில் 16 டன் அலுமினியம்கூட எடுக்க முடியாது.

ஏற்கெனவே அலுமினியமாக இருப்பதை உருக்கி மறுபடி அலுமினியம் ஆக்க இதில் 5 சதவீத எரிசக்தி போதும். ஆக, உங்கள் பழைய கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரு கிலோ, 13 யூனிட்டை மிச்சப்படுத்துகிறது. மானிட்டரோடு சேர்த்து 100 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் என்றால் 130 மணி நேரம் ஓட்டலாம். தினம் இரண்டு மணி நேரம் உட்காருபவருக்கு இரண்டு மாதம்!

தமிழ்நாட்டுக்கு இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. மேட்டூரில் 1965 முதல் 'மால்கோ' அலுமினிய ஆலை இருந்தது. ஏற்காட்டு மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் பாக்சைட்டை வெட்டிக்கொண்டு வந்து அங்கே உலோகம் எடுத்தார்கள். 2008-ல் அந்த உற்பத்தி நின்றுபோனது. மலையில் வெட்டிய பள்ளமும், ஆலையில் சேர்ந்த சிவப்புச் சேறும் மட்டும் அங்கேயே தங்கிவிட்டன. இன்று நமக்குக் கிடைக்கும் அலுமினியம் வெளிமாநிலத்திலிருந்து வர வேண்டும், வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் பழையதை உருக்கி வர வேண்டும். இந்தியா ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் அலுமினியக் கழிவைக் காசு கொடுத்து இறக்குமதி செய்கிறது. மறைமலைநகர், ஒரகடம் வட்டாரத்தில் தயாராகும் வாகனங்களின் என்ஜின் பாகங்களுக்குப் பெரும்பாலும் இப்படி உருக்கிய கலவைதான் பயன்படுகிறது. ஆப்பிள் நிறுவனமே 2018-ல் வெளியிட்ட மேக்புக் ஏர் லேப்டாப்பின் உடலை முழுக்க மறுசுழற்சி அலுமினியத்தில் செய்தது. எனவே பழைய அலுமினியம் என்று யாரும் மட்டமாக நினைக்க வேண்டாம்.

இதுவரை எல்லாம் நல்ல செய்தி. இனி வருவதுதான் என் கவலை.

செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. ரோடு ஓரம் ஒரு காயலான் கடையில் அரை நாள் உட்கார்ந்து பார்த்தேன். கடைக்காரரின் கை வேலையைப் பார்த்தால் நம்மூர் சர்வீஸ் இன்ஜினியர்கள் வெட்கப்பட வேண்டும். ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் சில நிமிடங்களில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துவிடுகிறார். அலுமினியம் ஒரு குவியல், இரும்பு ஒரு குவியல், செம்பு ஒரு சாக்கு, மதர் போர்டுகள் தனியாக. பழைய மானிட்டர் வந்தது. பிக்சர் டியூபின் கழுத்தில் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிச் சுருளைக் கழற்றினார். மீதிக் கண்ணாடியைக் கடைக்குப் பின்னால் தள்ளினார்.

"இது எங்கே போகும்?" என்று கேட்டேன்.

"இதை யார் சார் வாங்குவாங்க?" என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அந்தக் கண்ணாடியில் அளவைப் பொறுத்து ஒரு கிலோவுக்கு மேலும் ஈயம் இருக்கும். அதை முறையாக ஒழிக்கக் காசு செலவாகும், வராது. அதனால் அது குப்பை லாரியிலோ ஏரிக்கரையிலோ முடிகிறது. ஒயர்களின் கதையும் அப்படித்தான். பிளாஸ்டிக்கை உரிக்க நேரம் ஆகும், கொளுத்தினால் பத்து நிமிடத்தில் செம்பு கிடைக்கும். அந்தப் புகையில் டையாக்சின் என்ற நச்சு இருக்கிறது. திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும்போது ஊருக்கு வெளியே காலி மனைகளில் ஒயர் கொளுத்திய கறுப்புத் திட்டுகளைப் பார்த்திருக்கிறேன். மழை பெய்தால் அந்தச் சாம்பல் ஏரிக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் தானே போகும்? 2019 அக்டோபரில் பிரதமர் கோவளம் கடற்கரையில் பிளாஸ்டிக் பாட்டில் பொறுக்கியதை நாடே பார்த்தது. பாட்டில் கண்ணுக்குத் தெரியும், குனிந்து எடுத்துவிடலாம். ஈயத்தை எப்படிப் பொறுக்குவது?

லாபமுள்ளதை எடுத்துக்கொண்டு மீதியை ஊர் தலையில் கட்டுவது நமக்குப் புதிதல்ல. செங்கல்பட்டை ஒட்டி ஓடிக் கல்பாக்கத்துக்குத் தெற்கே கடலில் சேரும் பாலாற்றைக் கேளுங்கள். மேலே வேலூர் வட்டாரத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு பல காலம் அதில்தான் போனது. 1996-ல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே செலவைக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கழிவு நீரில் போனது தொழிற்சாலைகள் காசு கொடுத்து வாங்கிய குரோமிய உப்பு. அதை மெக்னீசியம் ஆக்சைடு போட்டுப் பிரித்தெடுத்து மறுபடி தோல் பதனிடப் பயன்படுத்தலாம் என்று அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் செய்து காட்டியது.

கம்ப்யூட்டர் கழிவிலும் இதே சூத்திரம்தான். ஒரு முழு கம்ப்யூட்டரைப் பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலை வாங்கினால், அலுமினியமும் செம்பும் தரும் வரவில்தான் அது விஷப் பகுதியை ஒழிக்க வேண்டும். மிஞ்சும் கசடைக் கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற அபாயக் கழிவு மையத்துக்குப் பணம் கட்டி அனுப்ப வேண்டும். நல்ல உலோகத்தைக் காயலான் கடையில் உருவிவிட்டு வெறும் கூட்டைக் கொடுத்தால் எந்த ஆலை வாங்கும்? அலுமினியத்தை விற்ற காசு கெட்ட பகுதியின் செலவுக்குப் போக வேண்டிய காசு என்பது என் கருத்து. அதற்காகக் காயலான் கடைக்காரரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அலுமினியத்தை ஒரு கிராம் வீணாக்காமல் சேர்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அவரையே சேகரிப்பவராக வைத்து, முழுப் பெட்டிக்கு நல்ல விலை கொடுத்தால் பிரிக்காமல் தருவார்.

சட்டம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள மின் கழிவு விதிகளின்படி, கம்ப்யூட்டர் தயாரிக்கும் நிறுவனங்கள் மறுசுழற்சி ஆலைகளிடம் சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்ட வேண்டும். ஆனால் அந்தச் சான்றிதழ் தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் ஆகிய நான்கு உலோகங்களுக்குத்தான். காயலான் கடைக்காரரும் இதில் மூன்றைத்தானே பொறுக்குகிறார்! ஈயக் கண்ணாடிக்கும் ஒரு சான்றிதழ் வைத்திருந்தால் அதற்கும் வாங்க ஆள் வந்திருப்பார்கள்.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், குவியல் பெரிதாகப் போகிறது. தமிழக அரசு 2006-க்குப் பிறகு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி இலவச கலர் டி.வி.க்களைக் கொடுத்தது. எல்லாம் பிக்சர் டியூப். 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்கள் 50 லட்சத்துக்கு மேல். இதற்கு நடுவில் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத கம்ப்யூட்டர்கள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே 'பழசு' ஆகிவிட்டன.

உங்களிடம் அப்படி ஒன்று இருந்தால் அவசரப்பட்டு எடைக்குப் போடாதீர்கள். ஒரு எஸ்.எஸ்.டி. போட்டு லினக்ஸ் ஏற்றினால் பையன் படிக்கவும், மெயில் பார்க்கவும், பாட்டு கேட்கவும் இன்னும் சில வருடம் ஓடும். கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்கள் உப்புக் காற்று படாமல் மூடி வையுங்கள். ராம், கார்டுகளின் முனைகள் அரித்துத்தான் இங்கே பாதி கம்ப்யூட்டர்கள் சாகின்றன.

கொடுத்தே ஆக வேண்டும் என்றால் முதலில் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதை அழியுங்கள். டெலிட் செய்வதோ சாதாரணமாக ஃபார்மேட் செய்வதோ போதாது, முழு டிஸ்க்கிலும் மேலெழுதும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள். லேப்டாப் பேட்டரி வெளியே எடுக்கிற மாதிரி இருந்தால் தனியாகக் கொடுங்கள், சுத்தியல் பட்டால் தீப்பிடிக்கும். பதிவு பெற்ற ஆலைகளின் பட்டியல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் இருக்கிறது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களில் இருப்பவர்கள் அருகில் எது என்று பார்த்துக்கொள்ளலாம். ஒரு கம்ப்யூட்டருக்காக வண்டி அனுப்ப மாட்டார்கள். உங்கள் தெருவிலோ அபார்ட்மென்டிலோ பத்துப் பேர் சேர்ந்து கேளுங்கள். புதிது வாங்கும்போது, பழையதை உங்கள் கம்பெனி எப்படித் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று பில் போடுவதற்கு முன்னாலேயே கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள். பில் போட்ட பிறகு கேட்டால் பதில் வராது.