உங்கள் தொலைபேசியை அடையாளம் காணும் பட்டியல் யாருடையது?

ஒரு செய்தித் தளத்தைத் திறந்து நாம் முதல் வரியை வாசிப்பதற்கு முன்பே, தளம் நம்மை வாசித்துவிடுகிறது. எந்த உலாவி, எந்த இயங்குதளம், பல வேளைகளில் எந்த வகைத் தொலைபேசி என்பதையெல்லாம் நமது உலாவி ஒரு வரியாக எழுதி அனுப்புகிறது. அந்த வரியை நீண்டதொரு பட்டியலுடன் ஒப்பிட்டுச் சாதனத்தை இனங்காணும் கருவிகள் இருவகை. ஒன்று, எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள். மற்றது, நிறுவனங்கள் கட்டணத்துக்கு வழங்கும் தனியுரிம மென்பொருள்.

இது தொழில்நுட்பவியலாளர்களின் விவாதம் மட்டுமல்ல என்பது என் கருத்து. பெயர்ப் பட்டியல்களுக்கு அஞ்சி வாழ்ந்த சமூகம் நாம். 2007இல் தமிழ்நெற் தளம் இலங்கையில் முடக்கப்பட்டது. முகநூலில் இட்ட நினைவேந்தல் பதிவுகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் இளைஞர்கள் கைதானதையும் கண்டோம். 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்துவிட்டது. எந்தச் செய்தியை எந்தத் தொலைபேசியில் யார் வாசித்தார் என்ற தகவல் வேறு எவரது கைக்குப் போகிறது என்று நாம் கேட்பது மிகையான அச்சம் அல்ல.

இத்துறையின் வரலாறும் நமக்கு ஒரு பாடம். 2000களின் தொடக்கத்தில் லூக்கா பஸ்ஸானி முதலானோர் வேர்ஃபல் என்ற சாதனப் பட்டியலைத் தொடங்கினர். பல நாடுகளின் மென்பொருளாளர்கள் தாம் கண்ட தொலைபேசிகளின் விவரங்களை அதில் சேர்த்தனர். 2011இல் சயன்ரியாமொபைல் என்ற நிறுவனம் அதைப் பொறுப்பேற்றதும் உரிம நிபந்தனைகள் இறுகின. பழைய தரவைக் கொண்டு ஓப்பன்டிடிஆர் என்ற திறந்த திட்டத்தைச் சிலர் தொடங்கினர். 2012இல் அந்த நிறுவனம் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் முறையிட, ஜிட்ஹப் தளத்திலிருந்து அது அகற்றப்பட்டது. பலர் கூடிச் சேர்த்ததன் சாவி ஒருவர் கைக்குப் போனது.

ஆனால் திறந்த மூலம் என்றாலே பாதுகாப்பு என்றும் நான் சொல்லமாட்டேன். ஓப்பன்டிடிஆரின் தொடர்ச்சியாக அப்பாச்சி அறக்கட்டளையின் கீழ் உருவான டிவைஸ்மப், பராமரிக்க ஆளின்றி ஓய்ந்துபோனது. சந்தைக்குப் புதிய தொலைபேசிகள் வந்துகொண்டே இருக்க, பட்டியலைத் தொடர்ந்து புதுப்பிக்கச் சம்பளம் பெறும் ஊழியர்கள் வேண்டும். தனியுரிம நிறுவனங்களின் பலம் அதுதான். பெரிய விளம்பர வலையமைப்புகளுக்கு அந்தத் துல்லியம் தேவை.

ஒரு சிறிய தமிழ்ச் செய்தித் தளத்துக்கு அது தேவையா? திரையின் அகலத்துக்கு ஏற்பப் பக்கம் தானாகவே ஒழுங்காவதற்குத் தொலைபேசியின் பெயர் தெரிய வேண்டியதில்லை. வாசகர் எண்ணிக்கையை அறிய வேண்டுமானால், மட்டோமோ திட்டத்தின் சாதனக் கண்டறி நூலகம் போன்ற திறந்த மூலக் கருவியைத் தளம் தன் சொந்தச் சேவையகத்திலேயே இயக்கலாம். வாசகரின் விவரம் வெளியே போகாது. தனியுரிமக் கருவிகளிலும் சிலவற்றை இவ்வாறு நிறுவ முடியும். ஆனால் மேகச் சேவையாக வாங்கும்போது, ஒவ்வொரு வாசகரின் விவரமும் வேறொரு நாட்டிலுள்ள வேறொருவரின் கணினியைத் தொட்டுத் திரும்பக்கூடும்.

காலமும் இப்போது மாறிவிட்டது. 2023 முதல் குரோம் உலாவி, அன்ட்ரொய்ட் தொலைபேசியின் மாதிரிப் பெயரை அந்த வரியில் வழக்கமாகச் சொல்வதில்லை. அதன் இடத்தில் ‘கே’ என்ற ஓரெழுத்தையே வைக்கிறது. மாதிரி வேண்டுமென்றால் தளம் அதைத் தனியே கேட்க வேண்டும். முன்பு கேட்காமலே கிடைத்ததை இனிக் கேட்டே பெறவேண்டும் என்றால், கேட்பதா இல்லையா என்ற முடிவும் அதற்கான பொறுப்பும் தள நடத்துநருடையவை.

ஆகவே நமது தளங்களை நடத்துவோரிடம் வாசகர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். எங்கள் சாதனத்தைப் பற்றி என்ன சேகரிக்கிறீர்கள்? அது யாருடைய கணினியில் சோதிக்கப்படுகிறது? எவ்வளவு காலம் வைத்திருக்கிறீர்கள்? கருவி இலவசமா, விலைக்கு வாங்கியதா என்பதைவிட இவற்றுக்குத் தெளிவான பதில் இருப்பதுதான் முக்கியம். திறந்த மூலக் கருவியில் அந்தப் பதிலை வேறொருவர் சரிபார்க்கவும் முடியும். எமது மக்களின் நம்பிக்கையில் நடக்கும் ஊடகங்கள் அதையே தெரிவு செய்ய வேண்டும் என்று நான் கருதுவதற்குக் காரணம் இதுதான். எடுத்துப் பயன்படுத்துவதோடு நின்றுவிடாமல், தமிழ் மென்பொருளாளர்கள் அதைப் பராமரிக்கவும் கைகொடுக்க வேண்டும். இல்லையேல் டிவைஸ்மப்புக்கு நேர்ந்ததே அதற்கும் நேரும்.