55 ஆனா வேலை முடிஞ்சுதா?

வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிஞ்சு பாத்திரம் கழுவும்போது தொண்டூழியர்கள் நாங்க அடிக்கடி கேக்குற கதை இது. 55 வயசு தாண்டுனதும் ஃபேக்டரில திடீர்னு நைட் ஷிப்ட். உக்காந்து செஞ்ச வேலையிலேருந்து நிக்கிற லைனுக்கு மாத்துவாங்க. ஓவர்டைம் கிடையாது. புது மெஷின சொல்லிக் கொடுக்காமலே, நேத்து வந்த பையன்க முன்னால "பெருசுக்கு ஒன்னும் ஏறாது"ன்னு சிரிப்பு. கடைசில ஆபீசுக்குக் கூப்பிட்டு, "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துருங்க அங்கிள், நல்ல பேரோட போகலாம்."

நம்ம ஆளுங்களும் கையெழுத்து போட்டுடுறாங்க! 55ல சேமநிதிப் பணத்த எடுக்கலாம், அதனால வேலையும் அதோட சரின்னு நெனப்பு. அது வேற, இது வேற. மலேசியாவில் 2013 ஜூலை 1 முதல் தனியார் துறையில் ஓய்வு வயது குறைந்தது 60.

எங்களில் சூப்பர்வைசராக இருப்பவர்களுக்கும் தெரியும், வயசானவங்க கை கொஞ்சம் மெதுவாதான். ஆனா மெஷின் சத்தம் மாறுனா மொதல்ல கண்டுபிடிக்கிறது அவங்கதான்.

மிரட்டி எழுதி வாங்குன ராஜினாமாவையும் வேலை நீக்கம்னு வாதாடலாம். வேலை போன 60 நாளுக்குள்ள தொழிலியல் உறவு இலாகாவுல மனு கொடுக்கணும். மனு கொடுக்க வக்கீல் வேணாம், காசும் வேணாம். யார் என்ன சொன்னாங்க, எந்தத் தேதி, பக்கத்துல யார் இருந்தாங்கன்னு அன்னன்னைக்கே எழுதி வைங்க. சாமிகிட்ட முறையிடுங்க, தப்பில்ல. அந்த 60 நாள் மட்டும் யாருக்காகவும் நிக்காது.

கடிதம் வந்தவங்க கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி, வர்ற வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு மண்டபத்துக்கு எடுத்துட்டு வாங்க. இங்கிலீஷ்ல இருந்தா படிச்சுச் சொல்ல பிள்ளைங்க இருக்காங்க.