விடுப்புச் சான்றிதழும் வேலையும்

காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டும் என்று சொன்னதும், எதிரே இருக்கும் தொழிலாளி நுரையீரலைப் பற்றிக் கேட்பதில்லை. "எத்தனை நாள்ல வேலைக்குப் போகலாம் டாக்டர்?" என்றுதான் கேட்கிறார். அரியலூர் பக்கம் சிமென்ட் ஆலை, சுண்ணாம்புக்கல் சுரங்கம். பெரம்பலூர் பக்கம் கல்குவாரி, கிரஷர், டயர் ஆலை, காலணி ஆலை. எங்கிருந்து வந்தாலும் கேள்வி இதுதான். காண்ட்ராக்ட் தொழிலாளி என்றால் பயம் இரண்டு மடங்கு. அந்தப் பயத்தில் மருந்தைப் பாதியில் விட்டுவிட்டு ஷிப்டுக்குத் திரும்பியவர்களை மருத்துவர்களாகிய நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆகவே நோயாளியின் வேலை நிலைப்பதும் நம் சிகிச்சையைச் சேர்ந்த விஷயமே.

நோய்க்காலத்தில் வேலையைக் காக்க, அமெரிக்காவில் 1993இல் வந்த சட்டம், தகுதியுள்ள ஊழியருக்கு ஆண்டுக்கு 12 வாரம் சம்பளமில்லாத, ஆனால் வேலை பறிபோகாத விடுப்பைத் தருகிறது. நம் நாட்டில் எல்லோருக்கும் பொதுவான அப்படி ஒரு சட்டம் இல்லை. இருப்பவை துண்டு துண்டாக இருக்கின்றன. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரையுள்ள, இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசு காப்பீட்டில் சேர்ந்த தொழிலாளிக்கு, சந்தா நிபந்தனை நிறைவேறியிருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீத ஊதியம் நோய்க்காலப் பணப்பயனாகக் கிடைக்கும். காசநோய், புற்றுநோய் உள்ளிட்ட நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதமாக இரண்டு ஆண்டு வரைகூட நீளும். பணப்பயன் பெறும் காலத்தில் தொழிலாளியை நீக்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டம் தன் 73ஆம் பிரிவிலேயே எழுதிவைத்தது. தமிழ்நாடு கடைகள் சட்டம் ஜவுளிக்கடை ஊழியருக்கும் ஆண்டுக்கு 12 நாள் நோய்விடுப்பு தருகிறது. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விளையும் காட்டில் கூலிக்குப் போகிறவருக்கு இவற்றில் எதுவும் இல்லை.

2025 நவம்பர் 21 முதல் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. பிரிவு எண்கள் மாறும், விதிகள் மாறும். ஆனால் எந்தச் சட்டத்தின் கீழ் வழக்கு நடந்தாலும் முதலில் கேட்கப்படுவது மருத்துவர் கொடுத்த தாள்தான்.

தொழிற்சாலைகளின் மாதிரி நிலையாணைகளில் நெடுங்காலமாக இருந்துவரும் ஒரு விதியை நாம் அறிந்திருக்க வேண்டும். விடுப்பு முடிந்து 8 நாளுக்குள் திரும்பிவந்து தக்க காரணம் சொல்லாதவர், தன் பணியிடத்தின் மீதான உரிமையை இழப்பார். விடுப்பில்லாமல் தொடர்ந்து 10 நாளுக்கு மேல் வராமலிருந்தால் அது ஒழுங்கீனம். இந்த 8 நாள் விதியைக் காட்டி விசாரணையின்றி ஒருவரைத் தானாக நீக்கிவிட முடியாது என்று டி.கே. யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது. வேண்டுமென்றே வராமலிருந்தார் என்று காட்டினால்தான் அது ஒழுங்கீனமாகும் என்று 2012இல் கிருஷ்ணகாந்த் பர்மார் வழக்கில் சொன்னது. நோயால்தான் வரவில்லை என்று தொழிலாளி நிறுவ வேண்டிய இடத்தில், நம் கையெழுத்துதான் அவருக்குத் துணை.

அந்தக் கையெழுத்தின் மேல் நாம் என்ன எழுதுகிறோம்? "காய்ச்சல், ஓய்வு தேவை" என்று ஒரு வரி. எந்தத் தேதியிலிருந்து, எத்தனை நாள் என்பது இல்லை. நோயாளியின் கையொப்பமும் இல்லை. மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கின்றன. சான்றிதழ்களுக்குப் பதிவேடு வேண்டும். நோயாளியின் அங்க அடையாளமும் கையொப்பமோ கைரேகையோ சான்றிதழில் இருக்க வேண்டும். அதன் நகல் நம்மிடம் இருக்க வேண்டும். விசாரணை அதிகாரி கேட்கும் நாளில் அந்தப் பதிவேடு நோயாளியையும் காக்கும், நம்மையும் காக்கும்.

இ.எஸ்.ஐ. கார்டு உள்ளவரை முதல் நாளே இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கு அனுப்புவது அவசியம். தனியார் மருத்துவரின் சான்றிதழை மட்டும் வைத்துப் பணப்பயன் தானாக வந்துவிடாது. கார்டு இருப்பதே தெரியாத காண்ட்ராக்ட் தொழிலாளிகள் உண்டு. சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். ஒப்பந்ததாரர் மாறினாலும் காப்பீட்டு எண் மாறுவதில்லை என்பதையும் சொல்லி அனுப்பலாம்.

அரைகுறைச் சான்றிதழைவிடப் பெரிய சேதம் "வேலைக்குத் தகுதியற்றவர்" என்ற இரண்டே சொற்களில் நேர்கிறது. பக்கவாதம் வந்த அரசுப் பேருந்து ஓட்டுநரை எடுத்துக்கொள்வோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 20(4)இன்படி, பணிக்காலத்தில் ஊனமடைந்த ஊழியரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும். அப்படிப் பணியிடம் இல்லையென்றால், கிடைக்கும்வரையோ ஓய்வு வயதுவரையோ கூடுதல் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும். தனியார் நிறுவனத்துக்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்றாலும், எழுத வேண்டிய முறை ஒன்றுதான்: எதைச் செய்ய முடியாது, எதைச் செய்ய முடியும், எப்போது மறுபரிசோதனை. "கனரக வாகனம் ஓட்டக் கூடாது, உட்கார்ந்து செய்யும் பணி செய்யலாம், மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை" என்று எழுதினால் நிர்வாகத்துக்கும் வழி தெரியும். கிரஷரில் வேலை செய்து நுரையீரல் கெட்டவருக்கும் "தூசியில்லாத இடத்தில் பணி" என்று எழுதலாம்.

ரகசியமும் முக்கியம். எச்.ஐ.வி., மனநோய் போன்றவற்றில் நோயின் பெயரே வேலைக்கு ஆபத்தாகலாம். 2017இல் வந்த இரண்டு சட்டங்கள் இந்தத் தகவல்களைக் காக்கின்றன. நோயாளியின் சம்மதமில்லாமல் மேலாளரிடம் தொலைபேசியில்கூடச் சொல்லக் கூடாது.

கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் காய்ச்சல் சான்றிதழ் எழுதிக் கொடுக்கும் பழக்கம் நம்மிடையே இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. அது ஒழுக்க விதிகளின்படி குற்றம். உண்மையான நோயாளியின் சான்றிதழையும் நிர்வாகம் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு அதுவே காரணம். முன்தேதியிட்டுக் கேட்பவரையும் பொய்ச் சான்றிதழ் கேட்பவரையும் மறுத்து அனுப்புங்கள். நோயோடு வருபவருக்குத் தேதி, காலம், செய்யக்கூடிய வேலை மூன்றையும் நிறைவாக எழுதிக் கொடுங்கள். பதிவேடு இல்லாதவர்கள் இந்த வாரமே ஒன்றைத் தொடங்குங்கள்.